செய்தியோடை: பிறப்பும் பயனும்

மலாயாத் தோட்டங்களில் ஒரே ஒரு செய்தித்தாள் ஒரு லயம் முழுவதற்கும் போதுமானதாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதற்குச் சந்தா கட்டியவர் கிராணியாராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். பால்வெட்டும் பிற வேலைகளும் முடிந்த மாலை வேளையில் அவர் தாளை விரித்து உரக்கப் படிப்பார். எழுத்தறிந்தோரும் அறியாதோரும் சூழ்ந்திருந்து கேட்பர். தாள் ஒரு நாளோ இரண்டு நாளோ பிந்தி வந்திருக்கலாம். ஆயினும் அதனிடத்தில் மூன்று சிறப்புகள் இருந்தன. எந்தத் தாளை வரவழைப்பது என்பதைப் படிப்பவரே முடிவு செய்தார். வரவழைத்த தாள் அவரைத் தேடித் தானே வந்தது. அதில் எச்செய்தி முதலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் இன்னார் என்பதும் தெரிந்திருந்தது. அவர் பெயர் தாளிலேயே அச்சாகியிருந்தது.

இன்று செய்தி கைத்தொலைபேசியில் வருகின்றது. நாளுக்கு ஒரு முறை அன்று. நிமிடத்திற்கு நிமிடம் வருகின்றது. ஆனால் அந்த மூன்று சிறப்புகளும் அதனுடன் சேர்ந்து வருகின்றனவா? தொலைபேசித் திரையில் முதலில் தோன்றும் செய்தியை அங்கே வைத்தவர் யார்? கேட்ட செய்தி வந்ததா, கேளாத செய்தி வந்ததா? இவ்வினாக்கள் செய்தி படிக்கும் ஒவ்வொருவருக்கும் உரியவை. இளம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கோ இன்னும் நெருக்கமானவை.

இவற்றுக்கு விடை தேடிப் பிறந்த எளிய கருவி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை 'ஃபீட்' என்பர். தமிழ் இணைய உலகம் அதற்குச் 'செய்தியோடை' என்று பெயரிட்டது. வயற்காட்டு வாய்க்கால் தலைமடையிலிருந்து ஒவ்வொரு பாத்திக்கும் நீரைக் கொண்டு சேர்ப்பது போல, செய்தித்தளத்திலிருந்து ஒவ்வொரு படிப்பாளரிடத்தும் புதுச்செய்தியைக் கொண்டு சேர்ப்பதால் அப்பெயர் பொருத்தமானதே. அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் அறிந்தால் அதன் பயனும் தானே விளங்கும்.

செய்தியும் சந்தாவும்

செய்தியைக் காசு கொடுத்து முறையாக வரவழைக்கும் வழக்கம் அச்சுத்தாளுக்கு முந்தியது. 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தில் கையால் எழுதப்பட்ட செய்தி மடல்கள் வணிகர்களுக்கும் அரசியலாருக்கும் விற்கப்பட்டன. கப்பல் எப்போது கரை சேர்ந்தது, எந்த நாட்டில் போர் மூண்டது, மிளகின் விலை என்ன என்பனவற்றை அம்மடல்கள் தாங்கிச் சென்றன. அங்கு வழங்கிய 'கசெட்டா' என்னும் சிறு நாணயத்தின் பெயரிலிருந்தே 'கெசட்' என்னும் சொல் பிறந்தது என்பர்.

அச்சுத்தாள் பெருகிய பின், ஒரு தாளின் செய்தியை மற்றொரு தாள் எடுத்தாளும் வழக்கமும் பெருகியது. அமெரிக்காவில் 1792-ஆம் ஆண்டின் அஞ்சற் சட்டம், அச்சகத்தார் தம் தாளின் ஒரு படியை நாட்டிலுள்ள மற்ற அச்சகத்தார் ஒவ்வொருவருக்கும் அஞ்சற்கட்டணமின்றி அனுப்ப இடமளித்தது. ஒவ்வோர் ஊர்த்தாளும் பிற ஊர்த்தாள்களிலிருந்து செய்தியை எடுத்துக்கொள்ள இது வழி செய்தது.

அடுத்து வந்தவை செய்தி நிறுவனங்கள். பாரிசில் சார்லஸ் ஆவாஸ் 1835-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரிடம் பணியாற்றிய ஜூலியஸ் ராய்ட்டர் 1850-ஆம் ஆண்டில் ஆகன் நகருக்கும் பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாதிருந்த இடைவெளியைப் புறாக்களைக் கொண்டு நிரப்பினார். புகைவண்டியினும் புறா விரைந்து சென்றது. மறு ஆண்டு அக்டோபரில் அவர் இலண்டனில் அலுவலகம் திறந்தார். இன்றும் உலகம் அறிந்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் தோற்றம் இதுவே.

நம் வட்டாரத்திற்குச் செய்தி கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1871-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இயங்கத் தொடங்கிய பின், வாரக்கணக்கில் பிந்திய செய்தி மணிக்கணக்கில் வந்து சேர்ந்தது. 1887-ஆம் ஆண்டு ஜூனில் மகதூம் சாயபு சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழ் 1890-ஆம் ஆண்டு வரை வெளிவந்தது. கோலாலம்பூரில் 1924-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'தமிழ் நேச'னும், சிங்கப்பூரில் 1935-ஆம் ஆண்டு ஜூலையில் கோ. சாரங்கபாணியாரின் 'தமிழ் முர'சும் தோன்றின. முரசு முதலில் ஒரு காசு விலையுள்ள வார இதழாகவே வந்தது. மலேசியாவின் தேசியச் செய்தி நிறுவனமாகிய பெர்னாமா, 1967-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பெற்று 1968-ஆம் ஆண்டு மே மாதத்தில் பணி தொடங்கியது.

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். செய்தியை எழுதுவது ஒரு வேலை. அதனைக் கொண்டு சேர்ப்பது மற்றொரு வேலை. கொண்டு சேர்க்கும் வழி எவர் கையில் உள்ளதோ, அவர் கையில் எழுதுபவரும் படிப்பவரும் ஓரளவு அகப்பட்டுக்கொள்கின்றனர்.

இணையத்தில் எழுந்த இடர்

டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் முன்மொழிந்த வையவிரிவலை, 1993-ஆம் ஆண்டில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொதுவுடைமையாக்கப்பட்டது. அதன்பின் செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாக வலையில் இடம் பிடித்தன. ஆனால் வலைத்தளம் ஒரு கடை போன்றது. புதுச் சரக்கு வந்திருக்கின்றதா என்று வாங்குபவர் நாள்தோறும் நடந்து சென்று பார்க்க வேண்டும். பத்துத் தளங்களைப் படிப்பவர் பத்துக் கடை ஏறி இறங்க வேண்டும். சந்தா கட்டியவரைத் தேடித் தாள் வந்த பழைய வசதி இதில் இல்லை.

இக்குறையைப் போக்க முதலில் முயன்றவர்கள் செய்தியைப் படிப்பாளரின் கணினிக்குள் தள்ளிவிடலாம் என்று எண்ணினர். 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாயின்ட்காஸ்ட்' என்னும் மென்பொருள், கணினி சும்மா இருக்கும் வேளையில் அதன் திரையில் செய்தியையும் விளம்பரத்தையும் ஓடவிட்டது. மக்கள் அதனை ஆவலோடு ஏற்றனர். 1997-ஆம் ஆண்டில் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் அதனை 45 கோடி டாலருக்கு வாங்க முன்வந்ததாகவும் பேசப்பட்டது. ஆனால் ஓர் அலுவலகத்திலுள்ள நூறு கணினிகளும் ஓயாமல் செய்தியை இழுத்தபோது அக்காலத்து மெல்லிய இணைய இணைப்புத் திணறியது. அலுவலகங்கள் பல அதனைத் தடை செய்தன. 1999-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஏறத்தாழ 70 இலட்சம் டாலருக்கே கைமாறியது. வேண்டாத வேளையில் வேண்டாத அளவில் வாயில் திணிக்கப்படும் உணவு உடம்பில் ஒட்டாது என்பதை இணைய உலகம் அன்று கற்றுக்கொண்டது.

1999-ஆம் ஆண்டு

நெட்ஸ்கேப் நிறுவனம் அப்போது தன் பயனர்களுக்கு ஒரு முகப்புப் பக்கத்தை நடத்திவந்தது. பல தளங்களின் தலைப்புகளை அதில் ஒருங்கே காட்ட ஒரு பொது வடிவம் தேவைப்பட்டது. இராமநாதன் குகா, டான் லிபி என்னும் இருவர் அதனை அமைத்தனர். 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது வெளிவந்தது. அதுவே ஆர்.எஸ்.எஸ். எனப்படும் செய்தியோடை வடிவத்தின் முதற் பதிப்பு. குகா சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று, பின் அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றவர் என்பது தமிழ் படிப்பாளருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

அவ்வாண்டு ஜூலையில் டான் லிபி அதனை எளிமைப்படுத்தி அடுத்த பதிப்பை வெளியிட்டார். 1997-ஆம் ஆண்டு டிசம்பர் முதலே இதையொத்த ஒரு வடிவத்தைத் தம் தளத்திற்குப் பயன்படுத்திவந்த டேவ் வைனரின் கருத்துகளும் அதில் இடம்பெற்றன. அதன்பின் நெட்ஸ்கேப் அக்கறை இழந்தது. அந்நிறுவனத்தை வாங்கிய ஏ.ஓ.எல். 2001-ஆம் ஆண்டு ஏப்ரலில் தன் முகப்புப் பக்கத்திலிருந்து செய்தியோடையை நீக்கியதோடு அதற்குரிய விளக்க ஆவணங்களையும் அகற்றிவிட்டது. பெற்ற தாயே பிள்ளையைத் தெருவில் விட்ட கதை இது. ஆயினும் பிள்ளை பிழைத்துக்கொண்டது. எப்படி?

உடன்பிறந்தோர் பூசல்

வடிவத்தைப் பொதுவில் எழுதி வைத்திருந்தமையால், எவர் வேண்டுமானாலும் அதனை எடுத்து வளர்க்க முடிந்தது. அதிலேயே பூசலும் பிறந்தது. ஒரு சாரார் அதனை நுணுக்கமாக்க விரும்பினர். மற்றொரு சாரார் எளிமையே போதும் என்றனர். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் முதற் சாரார் ஒரு பதிப்பை வெளியிட்டனர். அதன் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற ஆரன் சுவார்ட்ஸ் என்பவருக்கு அப்போது வயது 14. அதே மாதத்தில் டேவ் வைனர் மற்றொரு பதிப்பை வெளியிட்டார். ஒலிக்கோப்பையும் செய்தியோடு இணைத்தனுப்பும் வசதி அதில் முதன்முதலாக அமைந்தது. 2002-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் வெளியிட்ட இரண்டாம் பதிப்பே இன்றளவும் பெருவழக்கில் உள்ளது. 2003-ஆம் ஆண்டு ஜூலையில் அதன் உரிமை ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் பெர்க்மன் மையத்திற்கு மாற்றப்பட்டது. பூசலில் மனம் சலித்த வேறு சிலர் 'ஆட்டம்' என்னும் புது வடிவத்தை அமைத்து, 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை இணையத்தின் பொதுத் தரமாக ஏற்கச் செய்தனர்.

இன்று படிப்பு மென்பொருள்கள் எல்லா வடிவங்களையும் ஏற்கின்றன. பூசல் மறைந்தது; பொதுமை நின்றது. 2002-ஆம் ஆண்டு நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியோடை வழங்கத் தொடங்கிய பின், உலகெங்கும் பெருந்தாள்களும் ஊர்த்தாள்களும் அவ்வழியே சென்றன. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு நவம்பரில் தோன்றிய 'மலேசியாகினி' செய்தித்தளமும் பின்னர்ச் செய்தியோடை வழங்கியது.

ஓடை இயங்கும் முறை

செய்தியோடை என்பது மாயம் அன்று. ஒரு சிறு எழுத்துக்கோப்பு. செய்தித்தளம் தன் முகவரிக்குக் கீழே அக்கோப்பை வைத்திருக்கும். அதன் தொடக்கத்தில் தளத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். பின்னர் ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, முழுச்செய்தி உள்ள இடத்தின் முகவரி, சுருக்கம், வெளியான நாள், நேரம், அச்செய்திக்கே உரிய அடையாளக் குறி ஆகியவை வரிசையாக இருக்கும். புதிது வரும்போது பழையது கோப்பிலிருந்து கீழிறங்கி மறையும். ஆகவே ஓடையில் எப்போதும் அண்மைச் செய்திகளே ஓடும்.

படிப்பவர் செய்ய வேண்டியது மிகச் சிறிது. ஆரஞ்சு நிறச் சதுரத்தில் ஒரு புள்ளியும் இரண்டு வளைகோடுகளும் உள்ள சின்னத்தைத் தளத்தில் தேடி, அது காட்டும் முகவரியை எடுத்து, ஓடை படிக்கும் மென்பொருளில் இட்டால் சந்தா முடிந்தது. சின்னம் கண்ணில் படாவிடினும் மனந்தளர வேண்டியதில்லை. சிறு செய்தித்தளங்கள் பல 'வேர்ட்பிரஸ்' என்னும் மென்பொருளால் இயங்குகின்றன. அத்தகைய தளத்தின் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் பெரும்பாலும் ஓடை கிடைத்துவிடும்.

அதன்பின் மென்பொருளே அவ்வப்போது தளத்திற்குச் சென்று, "முன்பு வந்து சென்றபின் மாற்றம் உண்டா?" என்று வினவும். இல்லையெனில் வெறுங்கையோடு திரும்பும். உண்டெனில் புதியதை மட்டும் எடுத்து வரும். பாயின்ட்காஸ்ட் தள்ளியது; செய்தியோடை தள்ளுவதில்லை, கேட்டால் கொடுக்கின்றது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் அதனால் விளையும் பயன் பெரிது. சந்தாதாரர் தம் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ தளத்திற்குக் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாமெனில் எவரிடமும் சொல்லாமல் முகவரியை அழித்துவிடலாம். செய்திகள் வெளியான நேர வரிசைப்படி நிற்கும். எவரும் இடையிற் புகுந்து வரிசையை மாற்றுவதில்லை.

தமிழ் எழுத்தும் ஓடையும்

செய்தியோடை தமிழுக்குப் பயன்பட்டதற்கு வேறொரு வரலாறு துணை நின்றது. இணையத்தின் தொடக்கக் காலத்தில் தமிழ்த் தளங்கள் தத்தம் எழுத்துருவைத் தாமே வகுத்துக்கொண்டன. ஒரு தளத்தில் 'க' என நின்ற குறியீடு மற்றொன்றில் 'ப' எனத் தோன்றக்கூடும். அந்நிலையில் பத்துத் தளங்களின் செய்தியை ஒரே பக்கத்தில் திரட்டினால் ஒன்று விளங்கும்; ஒன்பது புரியாத கிறுக்கலாகும்.

இக்குழப்பத்தை நீக்க உழைத்தோரில் நம் வட்டாரத்தார் முன்னணியில் நின்றனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டு முதல் 'முரசு' மென்பொருளை உருவாக்கி வளர்த்தார். சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்து தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளரான நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் அமைப்பை உருவாக்கினார். 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கி வெளிவந்த வலைத்தளத்தில் தமிழ் இடம்பெற அவர் உழைப்பே காரணம். 1997-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடுவதற்கும் அவர் முன்னின்றார். செய்தியோடை பிறந்த 1999-ஆம் ஆண்டின் மே மாதத்திலேயே அவர் மறைந்தார். தாம் வித்திட்ட பொதுக் குறியீட்டுக் கனவு ஓடையாகப் பாய்வதைக் காண அவர் இல்லை.

தமிழுக்கு யூனிகோடு குறியீட்டின் முதற் பதிப்பிலேயே, 1991-ஆம் ஆண்டில், இடம் கிடைத்திருந்தது, பயன்பாடுதான் பிந்தியது. செய்தியோடை எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழி 1998-ஆம் ஆண்டில் தரமாக்கப்பட்டபோது யூனிகோடையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே ஓடை வழியே தமிழ்ச் செய்தி அனுப்ப விரும்பிய ஒவ்வொருவரையும் அது பொது எழுத்துக் குறியீட்டின் பக்கம் ஈர்த்தது. அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 2004-ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, உலகெங்கும் எழுதிய தமிழரின் ஓடைகளை ஒரே பக்கத்தில் கொண்டுவந்தது. ஈழத்தவரும், தமிழகத்தவரும், மலேசியரும், சிங்கப்பூரரும், கனடாவில் குடியேறியோரும் ஒருவரையொருவர் நாள்தோறும் படிக்க அது வழி செய்தது. கடல் பிரித்த தமிழரை ஒரு திண்ணையில் அமர்த்திய பெருமை செய்தியோடைக்கு உண்டு.

ஏற்றமும் இறக்கமும்

2004-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் செய்தியோடைக்கு இடம் கிடைத்தது. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனம் 'கூகுள் ரீடர்' என்னும் படிப்புக் கருவியைக் கட்டணமின்றி வழங்கியது. செய்தியாளரும் ஆசிரியரும் ஆய்வாளரும் அதனைப் பெரிதும் விரும்பினர். ஓடை என்றாலே அக்கருவி என்னும் அளவிற்கு அதனை நம்பினர். 2013-ஆம் ஆண்டு மார்ச்சில், பயன்பாடு குறைந்துவிட்டது என்று கூறி, அதனை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஜூலை 1-ஆம் நாள் அது மூடப்பட்டது. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் தன் ஓடை வசதியை நீக்கியது.

இதற்கிடையே 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் 'செய்தி ஓடை'யைத் தொடங்கியிருந்தது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. எந்தச் செய்தி முன்னே வர வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்வது படிப்பவர் அல்லர், எழுதியவரும் அல்லர், அந்நிறுவனத்தின் கணக்கு விதிகளே. அவ்விதிகள் படிப்பவர் எதில் நெடுநேரம் நிற்பார், எதற்கு உணர்ச்சிவசப்படுவார் என்று கணிக்க முயல்கின்றன. நண்பர் நலமும் ஊர்ச்செய்தியும் விளம்பரமும் வதந்தியும் ஒரே வாய்க்காலில் கலந்து வருகின்றன. வசதி பெரிதாயிருந்தமையால் மக்கள் அங்கே திரண்டனர். மக்கள் திரண்ட இடத்திற்குச் செய்தித்தாள்களும் சென்றன.

செய்தியோடை செத்துவிட்டது என்று பலர் எழுதியது அக்காலத்தில்தான். அது முழு உண்மையன்று. கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, அதிலிருந்தோர் தம் சந்தா முகவரிகளை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு ஃபீட்லி போன்ற வேறு கருவிகளுக்குக் குடிபெயர்ந்தனர். வீடு இடிந்தது, ஊர் இடியவில்லை. மேலும் இன்று கோடிக்கணக்கானோர் கேட்கும் பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர்கள், 2000-ஆம் ஆண்டில் டேவ் வைனர் சேர்த்த அந்த ஒலிக்கோப்பு வசதியைக் கொண்டே இன்றும் ஓடையில் வருகின்றன. கேட்பவருள் பலர் அதனை அறியார்.

ஓர் ஊரின் படிப்பினை

வழி பிறர் கையில் இருந்தால் விளைவு யாது என்பதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டுகள் உண்டு. செய்திக்கு விலை கொடுக்கச் செய்யும் சட்டம் ஒன்று ஆஸ்திரேலியாவில் உருவானபோது, 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஃபேஸ்புக் அந்நாட்டில் செய்திகளைச் சில நாள் அடைத்தது. அப்போது வானிலை நிலையத்தின் பக்கமும் சேர்ந்து அடைபட்டது.

கனடாவில் 2023-ஆம் ஆண்டு ஜூனில் அத்தகைய சட்டம் நிறைவேறியது. பெருநிறுவனங்கள் செய்தியால் பயன் அடைவதால் செய்தித்தாள்களுக்குப் பங்கு தர வேண்டும் என்பது அரசின் வாதம். செய்தித்தாள்கள் தாமே விரும்பி இடுவதற்கு விலை கேட்பது முறையன்று என்பது ஃபேஸ்புக்கின் உரிமையாளராகிய மெட்டா நிறுவனத்தின் வாதம். வாதம் எப்பக்கம் சரியாயினும், ஆகஸ்டு தொடக்கத்திலிருந்து அந்நிறுவனம் தன் தளங்களில் கனடியச் செய்திகளை அடைத்தது.

அதே மாதத்தில் வடமேற்கு ஆட்சிப் பகுதிகளில் காட்டுத்தீ மூண்டது. அதன் தலைநகராகிய யெல்லோநைஃப் ஏறத்தாழ 20,000 மக்கள் வாழும் ஊர். ஆகஸ்டு 16-ஆம் நாள் ஊர் முழுவதும் வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. தெற்கே செல்லும் சாலை ஒன்றே. தீ எங்கே நிற்கின்றது, சாலை திறந்திருக்கின்றதா, எரிபொருள் எங்கே கிடைக்கும் என்பனவற்றை ஊரிலிருந்த 'கேபின் ரேடியோ' என்னும் சிறு செய்தித்தளம் இரவும் பகலும் எழுதிக்கொண்டிருந்தது. ஆனால் மக்கள் கூடிப் பேசும் ஃபேஸ்புக்கில் அச்செய்தியின் முகவரியைக் கொடுக்க இயலவில்லை. மக்கள் செய்தியைப் படமாகப் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பினர். செய்தி இருந்தது; எழுதியவர் இருந்தார்; படிக்க வேண்டியவர் இருந்தார்; நடுவிலிருந்த மதகு மட்டும் அடைபட்டிருந்தது.

செய்தியோடை தீயை அணைக்காது. ஆனால் ஊர்ச் செய்தித்தளத்திற்கும் ஊர் மக்களுக்கும் நடுவே அடைக்கக்கூடிய மதகு ஒன்றை அது வைப்பதில்லை. அதன் அருமை வெள்ளக் காலத்திலும் புகைமூட்டக் காலத்திலும் நம் நாட்டாருக்கும் புரியக்கூடியதே.

ஆசிரியர்க்கு உரியது

இவ்வரலாற்றிலிருந்து வகுப்பறைக்கு எடுத்துச் செல்லத்தக்கவை சில உள. முதலாவது, தேர்ந்தெடுத்தல். பிள்ளைகள் செய்தியைத் தேடிப் படிப்பதற்கும் தம்மீது வந்து விழுவதைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் காட்டலாம். ஊர்ச்செய்தித்தளம் ஒன்று, தமிழ்ச் செய்தித்தளம் ஒன்று, அறிவியல் தளம் ஒன்று என மூன்று ஓடைகள் போதும். நூறு ஓடைக்குச் சந்தா கட்டி ஒன்றையும் படியாதிருப்பது, நூலகத்தைப் பூட்டி வைத்திருப்பதை ஒக்கும்.

இரண்டாவது, ஒப்பிடுதல். ஒரே நிகழ்ச்சியை இரண்டு தளங்கள் எவ்வாறு தலைப்பிட்டன, எது முதலில் வெளியிட்டது, எது பின்னர்த் திருத்தியது என்பனவற்றை ஓடையின் நேர வரிசை தெளிவாகக் காட்டும். தலைப்பெழுதும் பயிற்சிக்கும், சுருக்கி வரைதலுக்கும், நேர்க்கூற்று அயற்கூற்றுப் பாடத்திற்கும் இதனினும் நல்ல பொருள் கிடைப்பதரிது.

மூன்றாவது, சேமித்தல். ஓடையில் பழையது தங்காது என்பது முன்பே கூறப்பட்டது. வேண்டிய செய்தியை நாளும் தளத்தின் பெயரும் குறித்து அச்செடுத்து ஒட்டி வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது. பள்ளியைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் வந்த செய்திகள் 30 ஆண்டு கழித்து வரலாறாகும்.

நான்காவது, கைம்மாறு. ஓடை கட்டணமின்றி வரலாம். அதன் தலைமடையில் நின்று செய்தி எழுதுபவர் ஊதியமின்றி வாழ இயலாது. சுருக்கத்தை மட்டும் படித்து நின்றுவிடாமல் தளத்திற்குச் சென்று முழுச்செய்தியைப் படிப்பதும், சந்தா கேட்கும் தளத்திற்குச் சந்தா கட்டுவதும், பள்ளிச் செய்தியை எழுதி அனுப்புவதும் படிப்பவரின் கடமை. 1924-ஆம் ஆண்டு முதல் தோட்டந்தோறும் சென்ற 'தமிழ் நேசன்' 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நின்றது. அது நின்ற நாளில் வருந்தியோர் பலர். ஆனால் ஒரு தாளை வாழவைப்பது அது நின்ற பின் வரும் வருத்தம் அன்று, அது வரும் நாளில் கட்டும் சந்தாவே.

முடிவாக ஒன்று கூறலாம். பாயின்ட்காஸ்ட் ஒரு நிறுவனத்தின் உடைமையாயிருந்தது. நிறுவனம் சாய்ந்ததும் அதுவும் சாய்ந்தது. கூகுள் ரீடர் ஒரு நிறுவனத்தின் உடைமையாயிருந்தது. நிறுவனம் வேண்டாம் என்றதும் மறைந்தது. செய்தியோடையோ எவருடைய உடைமையாகவும் இல்லாமையால் பெற்றோர் கைவிட்ட பின்னும் வாழ்ந்தது; உடன்பிறந்தோர் பூசலிட்ட பின்னும் வாழ்ந்தது; இறந்துவிட்டதென்று பறைசாற்றிய பின்னும் வாழ்கின்றது. பொதுவில் வெட்டிய வாய்க்கால் அவ்வளவு எளிதில் தூர்வதில்லை. ஆயினும் வாய்க்கால் இருந்தால் மட்டும் போதாது. தலைமடையில் நீர் ஊற வேண்டும்; கடைமடையில் அதனை வாங்கிப் பயிர் செய்வோர் இருக்க வேண்டும். லயத்து வாசலில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட அந்த மாலை வேளையை நிறைவித்தது தாள் மட்டும் அன்று. கேட்க வேண்டும் என்று வந்து அமர்ந்த மக்களும் ஆவர். வகுப்பறையில் மூன்று ஓடைகளைத் திறந்து வைத்து, "இன்று நம் ஊரில் என்ன செய்தி?" என்று கேட்கும் ஆசிரியரைச் சுற்றி அவ்வேளை மீண்டும் கூடும்.